கோடை விடுமுறையில் நூல் நிலைய யாத்திரை

பங்குனி கழிந்து சித்திரை பிறந்துவிட்டால் பெரம்பலூர், அரியலூர் ஜில்லாக்களின் கரிசல் நிலங்களில் வேலை பெரும்பாலும் ஓய்ந்துவிடும். பருத்தியும் மக்காச்சோளமும் வீடு வந்து சேர்ந்திருக்கும். கோடை மழை ஒன்றிரண்டு பெய்தால் புழுதி உழவு செய்யலாம். பெய்யாவிடில் ஏரிக்கரைப் புளியமரத்து நிழலே கதி. பள்ளிக்கூடங்களும் அந்தக் காலத்தில் மூடப்பட்டிருக்கும். உழவனுக்கும் அவன் பிள்ளைக்கும் ஒரே சமயத்தில் ஓய்வு கிடைப்பது வருஷத்தில் இந்த ஒரு தடவைதான். அந்த ஓய்வு எவ்விதம் செலவாகிறது என்பதை அங்கத்தினர்கள் அறியாதவர்களல்லர். திண்ணையில் சீட்டாட்டமும், கைப்பேசியில் பார்த்த படத்தையே திரும்பப் பார்ப்பதும், வீண் வழக்குப் பேச்சுமாக ஐம்பது நாள் கழிந்துவிடுகிறது.

இந்த நாட்களில் கிராமத்துக் கூட்டுறவுச் சங்கங்கள் முன்னின்று நடத்தக்கூடிய ஒரு காரியத்தை விளக்குவதே இக்கட்டுரையின் உத்தேசம். அதற்கு நூல் நிலைய யாத்திரை என்று பெயரிடலாம். ஒருவர் தம் ஊர் நூல் நிலையம் ஒன்றோடு நில்லாமல், கோடை முடிவதற்குள் அக்கம்பக்கத்திலுள்ள நான்கைந்து நூல் நிலையங்களுக்கும் சென்று, அங்கங்கே ஏதேனும் படித்து, சென்றதற்கு அடையாளமாகச் சிறு புத்தகமொன்றில் முத்திரை பெற்று வருவதுதான் யாத்திரை. மேல்நாடுகளில் இது புதிதன்று. அமெரிக்காவில் கனெக்டிகட் என்னும் மாநிலத்தில் ஏப்ரல் மாதந்தோறும் நூல் நிலையத்தார், கடவுச்சீட்டைப் போன்ற சிறு புத்தகங்களை ஜனங்களுக்கு வழங்குகின்றனர். அதை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய் ஒவ்வொரு நூல் நிலையத்திலும் முத்திரை வைத்துக்கொள்கிறார்கள். நம் நாட்டிலும் இதற்கு முன்மாதிரி உண்டு. 1914ஆம் வருஷம் பெஜவாடாவில் மாநாடு கூட்டிச் சங்கம் அமைத்துக்கொண்ட ஆந்திர நூல் நிலைய இயக்கத்தார், யாத்திரை என்ற பெயராலேயே கிராமம் கிராமமாகச் சென்று, இருந்த நூல் நிலையங்களைப் பார்வையிட்டும், இல்லாத ஊர்களில் புதிதாக ஏற்படுத்தியும் வந்தார்கள். நம் பக்கத்தில் மன்னார்குடியில் நடந்தது இதற்கு நேர்மாறான முறை. அங்கே நூல் நிலையமே யாத்திரை புறப்பட்டது. எஸ். வி. கனகசபைப் பிள்ளை என்ற இஞ்சினீயர், மாட்டு வண்டி ஒன்றில் அலமாரிகள் அமைத்துப் புத்தகங்களை ஏற்றினார். 1931 அக்டோபர் 21ஆம் தேதி மேலவாசல் கிராமத்தில், சென்னைச் சர்வகலாசாலை நூலகர் சீர்காழி எஸ். ஆர். ரங்கநாதன் அதைத் தொடங்கிவைத்தார். புத்தகம் வாசகனைத் தேடி வருவதும், வாசகன் புத்தகத்தைத் தேடிப் போவதும் ஒரே நோக்கத்தின் இரு முறைகளே. வண்டி வைக்க வசதியில்லாத சங்கத்துக்கு இரண்டாவது முறை எளிது.

“எங்கள் ஊரிலேயே நூலகம் இருக்கும்போது அயலூருக்கு ஏன் போக வேண்டும்?” என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. கிராமத்து நூல் நிலையம் பெரும்பாலும் ஒற்றை அறை. அங்கே இருப்பது சில அலமாரிகளும், தினசரிப் பத்திரிகையும், பெஞ்சுகளுமே. பகுதி நேர நூலகமாயின் சில மணி நேரமே திறந்திருக்கும். அதில் ஒரு பையன் நான்கு மாதத்தில் தனக்கு வேண்டியதையெல்லாம் படித்து முடித்துவிடலாம். முடித்தபின் ‘நூலகத்தில் ஒன்றுமில்லை’ என்று சொல்லி நின்றுவிடுகிறான். தாலுகா ஊரின் கிளை நூலகத்தில் அவன் கண்டிராத பகுதிகள் இருக்கும். பெரம்பலூரிலும் அரியலூரிலும் உள்ள ஜில்லா மைய நூலகங்களில் அகராதிகளும் சட்டப் புத்தகங்களும், உத்தியோகப் பரீட்சைக்குப் படிப்பவர்களுக்கு வேண்டிய நூல்களும் உண்டு. இவை இருப்பதையே அறியாதவன் எப்படிக் கேட்பான்? ஒரு முறை கண்ணால் கண்டவன் தன் ஊருக்குத் திரும்பி, ‘அந்தப் புத்தகம் இங்கே ஏன் இல்லை?’ என்று கேட்கத் தொடங்குவான். அந்தக் கேள்விதான் கிராமத்து நூலகத்தை வளர்க்கும்.

புத்தகத்தைத் தேடி ஊர் ஊராக அலைவது இந்தச் சீமைக்குப் பழக்கமான காரியமே. மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1855ஆம் வருஷம் பிறந்தவர். அவருடைய இளமைக் கல்வி பெரும்பாலும் இந்தப் பக்கத்தில்தான் நடந்தது. அரியலூரில் சடகோபையங்காரிடம் தமிழ்ச் சுவையை அறிந்தார். குன்னத்தில் சிதம்பரம் பிள்ளையிடமும், கார்குடியில் கஸ்தூரி ஐயங்காரிடமும், செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடமும் பாடங் கேட்டார். ஓர் ஊரில் ஒரு நூல், அடுத்த ஊரில் வேறொரு நூல். ஓரிடத்தில் இலக்கணம், மற்றோரிடத்தில் புராணம். மகனுடைய படிப்பிற்காகத் தகப்பனார் குடும்பத்தையே பெயர்த்துக்கொண்டு ஊர் மாறினார். பிற்காலத்தில் ஏட்டுச்சுவடி தேடி அவர் தமிழ்நாடெங்கும் அலைந்ததை எல்லோரும் அறிவர். அந்த அலைச்சலுக்கு அவர் கால்கள் பழகியது அரியலூர், குன்னம் பாதைகளில்தான் என்று சொன்னால் பிசகாகாது. இந்த வரலாற்றை அவரே ‘என் சரித்திரம்’ என்ற நூலில் எழுதியிருக்கிறார். அது 1940ஆம் வருஷம் முதல் ஆனந்த விகடனில் வெளிவந்தது. குன்னம் இப்போது ஒரு தாலுகாவின் தலைநகர். அங்கே நூலகத்துக்குப் போகும் பிள்ளை, அலமாரியில் அந்தப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, தன் ஊர்ப் பெயர்கள் வரும் அத்தியாயங்களைப் படிக்கலாம். அரியலூர் ஜில்லாவில் கொள்ளிடக் கரைப் பக்கத்து ஏலாக்குறிச்சியில் வாழ்ந்த வீரமாமுனிவர் 1732இல் சதுரகராதியை இயற்றினார். அகராதி பார்க்கும் பழக்கமில்லாத பிள்ளைக்கு அகராதியை அறிமுகம் செய்ய இதைவிட நல்ல தொடக்கம் வேறில்லை.

விடுமுறையில் படிப்பு நின்றுவிடுவதால் வரும் நஷ்டம் சிறிதன்று. அமெரிக்காவில் அட்லாண்டா நகரத்துப் பள்ளிப் பிள்ளைகளை ஆராய்ந்து பார்பரா ஹெய்ன்ஸ் என்ற அம்மையார் 1978இல் ஒரு நூல் வெளியிட்டார். கோடையில் பிள்ளைகளின் அறிவு வளர்ச்சியோடு மிக நெருங்கிய தொடர்புடையது புத்தகம் படிப்பதே என்று அவர் கண்டார். பள்ளி நடக்கும் மாதங்களைவிட விடுமுறை மாதங்களிலேயே ஏழைப் பிள்ளைக்கும் வசதியுள்ள பிள்ளைக்கும் இடையேயுள்ள தூரம் அதிகமாகிறது என்பதும், நூல் நிலையம் வீட்டுக்கு எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறது என்பது கூட இதைப் பாதிக்கிறது என்பதும் அவர் கண்ட மற்ற விஷயங்கள். அட்லாண்டாவுக்கும் ஆண்டிமடத்துக்கும் எத்தனையோ வித்தியாசம் உண்டு. ஆயினும், வீட்டில் புத்தகமே இல்லாத பிள்ளை இரண்டு மாதம் எழுத்தைப் பாராமலிருந்தால் ஜூன் மாதத்தில் வாத்தியார் பழைய பாடத்தையே மறுபடி தொடங்க நேர்கிறது என்பதற்கு ஆராய்ச்சி வேண்டியதில்லை.

பெரியவர்களின் விஷயம் இதைவிடக் கடுமையானது. சங்கத்தில் கடன் வாங்கும் அங்கத்தினர் எத்தனை பேர் தாம் கையெழுத்திடும் பத்திரத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்திடுகிறார்கள்? எழுதப் படிக்கத் தெரிந்தவர்களே, பழக்கம் விட்டுப்போனதனால், நீண்ட வாக்கியங்களைக் கண்டு மலைத்து, ‘நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள், ஐயா’ என்று காகிதத்தைத் தள்ளிவிடுகிறார்கள். வட்டி விகிதம், தவணை தவறினால் வரும் அபராத வட்டி, ஜாமீன்தாரின் பொறுப்பு ஆகியவை யாவும் அந்தக் காகிதத்தில்தான் இருக்கின்றன. படிக்கும் பழக்கமுள்ள நூறு அங்கத்தினர் இருக்கும் சங்கத்தில் கணக்குத் தப்பாக எழுதுவது எளிதன்று. பொதுச்சபைக் கூட்டத்தில் யாராவது எழுந்து கேட்டுவிடுவார். ஆகவே படிப்பு என்பது சங்கத்தின் முதலுக்கே காவல். நூல் நிலையம் நமக்குச் சம்பந்தமில்லாத காரியம் என்று நிர்வாகக் குழுவினர் எண்ணுவது சரியன்று.

இன்னொரு விஷயமும் உண்டு. வீட்டு வரி செலுத்தும் ஒவ்வொருவரும் அதனோடு நூலக வரியும் செலுத்துகிறார்கள். இந்த ஏற்பாடு 1948ஆம் வருஷத்துச் சென்னைப் பொது நூலகச் சட்டத்தினால் வந்தது. இந்தியச் சுதந்தரத்திற்குப் பின் ஒரு மாகாணம் இயற்றிய முதல் நூலகச் சட்டம் அதுவே. அதற்காகப் பல வருஷம் உழைத்தவர் மேற்சொன்ன ரங்கநாதன். ஆதியில் வரி ரூபாய்க்கு 6 பைசாவாக இருந்தது. அந்தக் காலத்துப் பைசாவில் 192 கொண்டது ஒரு ரூபாயாதலால், அது ரூபாயில் முப்பத்திரண்டில் ஒரு பங்கு. பிற்காலத்தில் விகிதம் உயர்த்தப்பட்டது. ஊராட்சியும் நகராட்சியும் வசூலித்து, ஜில்லா நூலக ஆணைக்குழுவினிடம் ஒப்படைக்கின்றன. அங்கத்தினர்கள் வீட்டு வரி ரசீதை எடுத்து ஒரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது. கிணற்றுக்குப் பங்குப் பணம் கட்டிவிட்டு, தண்ணீர் இறைக்காமலே இருக்கும் பங்காளி உண்டா? நூலக வரியில் மட்டும் நாம் அப்படித்தான் இருந்துவருகிறோம்.

அன்றியும் வருகைப் பதிவேடு என்று ஒன்று ஒவ்வொரு நூலகத்திலும் இருக்கிறது. வருகிறவர்கள் அதில் பெயரெழுதிக் கையெழுத்திட வேண்டும். பலர் இதைத் தொல்லையாக எண்ணி விட்டுவிடுகிறார்கள். நாளைக்கு ஐந்து கையெழுத்து விழும் நூலகத்துக்குப் புதுக் கட்டடமோ, அதிகப் புத்தகமோ, முழு நேர நூலகரோ வேண்டும் என்று கேட்க என்ன ஆதாரம் இருக்கிறது? ஐம்பது கையெழுத்து விழுமானால் நூலகர் தைரியமாக மேலதிகாரிக்கு எழுதலாம். யாத்திரை செல்பவர்கள் முத்திரை வாங்குவதற்கு முன் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும் என்பது கட்டாய விதியாக இருக்கட்டும்.

இனி நடத்தும் முறை. பங்குனி மாதத்திலேயே நிர்வாகக் குழுவில் தீர்மானம் செய்துகொள்ள வேண்டும். அதன்பின் சங்கச் செயலாளர் ஜில்லா நூலக அலுவலருக்கு ஒரு கடிதம் எழுதி, யாத்திரையில் சேர்க்க உத்தேசிக்கும் நூலகங்களின் வேலை நேரம், வார விடுமுறை நாள், முத்திரை வைக்க அனுமதி ஆகியவற்றைக் கேட்டறிய வேண்டும். இந்த ஒரு கடிதத்தை எழுதாமல் புறப்படுவதுபோன்ற தவறு வேறில்லை. இருபது பிள்ளைகள் வெயிலில் பஸ்ஸிலிருந்து இறங்கிப் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பினால், அடுத்த கோடையில் எவரையும் அழைக்க முடியாது. பகுதி நேர நூலகங்களின் சாவி யாரிடத்தில் இருக்கிறது என்பதைக் கூட முன்னதாக விசாரித்து வைத்துக்கொள்வது உத்தமம்.

யாத்திரைப் புத்தகம் பெரிய செலவில்லாதது. பதினாறு பக்கம் போதும். முதற் பக்கத்தில் பெயர், தெரு, சங்க அங்கத்தினர் எண் அல்லது பெற்றோரின் அங்கத்தினர் எண். பிறகு நூலகத்துக்கு இரண்டு பக்கம். அவற்றில் ஒன்றில் நூலகத்தின் தேதி முத்திரையும் நூலகர் கையெழுத்தும். எதிர்ப் பக்கத்தில் சென்றவர் எழுத வேண்டியது: அங்கே படித்த புத்தகத்தின் பெயர், ஆசிரியர் பெயர், அதிலிருந்து தெரிந்துகொண்ட ஒரு செய்தி. எழுதத் தெரியாத அங்கத்தினர் சொல்ல, பிள்ளை எழுதலாம். இந்த எதிர்ப் பக்கந்தான் உயிர். முத்திரை மட்டும் போதுமென்று விட்டால், வாசலில் நின்று முத்திரை வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸுக்கு ஓடும் வீரர்கள் தோன்றிவிடுவார்கள்.

இதே காரணத்தால், அதிக நூலகம் பார்த்தவருக்கு முதற் பரிசு என்று அறிவிப்பது உசிதமன்று. சொந்த மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர் ஒரே நாளில் பத்து நூலகம் சுற்றிவிடுவார். கால்நடையாகப் போகிற கிழவி இரண்டோடு நிற்பாள். அவளுடைய இரண்டே பெரிது. குறைந்தபட்சம் நான்கு நூலகம் என்று வைத்து, அந்த நான்கையும் முடித்த அனைவருக்கும் ஒரே விதமான சன்மானம், அதாவது ஒரு நல்ல புத்தகம் அல்லது நூலக உறுப்பினர் சந்தா, கொடுத்தால் போதும். உறுப்பினராகச் சேர்த்துவிடுவதே மேலான பரிசு. நூலகத்தில் அமர்ந்து படிப்பதற்குக் கட்டணமில்லை. வீட்டுக்கு எடுத்துச் செல்லவே உறுப்பினராக வேண்டும். அதற்குரிய காப்புத் தொகையும் சந்தாவும் சொற்பமே. ஆயினும் அந்தச் சொற்பத்தைக் கட்டத் தயங்கியே பலர் வெறுங்கையோடு திரும்புகிறார்கள்.

நான்கு நூலகங்களையும் எப்படித் தெரிந்தெடுப்பது? முதலாவது சொந்த ஊரது. அதை விட்டுவிட்டுத் தூரத்துக்குப் போவதில் பொருளில்லை. இரண்டாவது நடந்தோ சைக்கிளிலோ போகக்கூடிய பக்கத்து ஊர். மூன்றாவது தாலுகா ஊர் அல்லது ஜெயங்கொண்டம் போன்ற பெரிய ஊரின் கிளை நூலகம். நான்காவது ஜில்லா மைய நூலகம். பெரம்பலூர்க்காரர் அரியலூருக்கும் அரியலூர்க்காரர் பெரம்பலூருக்கும் போனால் இன்னும் நன்று. இரண்டும் முன்னாளில் திருச்சிராப்பள்ளி ஜில்லாவின் பகுதிகளே. 1995இல் பெரம்பலூர் தனி ஜில்லாவாயிற்று. அதிலிருந்து 2001இல் அரியலூர் பிரிந்து, மறுவருஷம் மீண்டும் சேர்க்கப்பட்டு, 2007இல் திரும்பப் பிரிந்தது. ஜில்லா பிரிந்ததனால் பஸ் நின்றுவிடவில்லை.

ஒரு நூலகத்தோடு பக்கத்திலுள்ள காட்சியிடம் ஒன்றையும் சேர்த்துக்கொண்டால் பிள்ளைகளுக்கு ஊக்கம் மிகும். ஆலத்தூர்த் தாலுகாவிலுள்ள சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள கல்மரம் கிடக்கிறது. கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன் இந்தப் பக்கத்தைக் கடல் சூழ்ந்திருந்த காலத்தில் புதையுண்டு கல்லாகிப் போன அடிமரம் அது. 1940இல் பூகர்ப்ப சாஸ்திரி எம். எஸ். கிருஷ்ணன் அதனைக் கண்டு அறிவித்தார். அரியலூர்ச் சுண்ணாம்புக் கல் சுரங்கங்களில் அகப்படும் சிப்பியும் நத்தையும் அந்தக் கடலைச் சேர்ந்தவையே. சிமெண்டாலைகள் இங்கே வந்ததற்கும் அந்தக் கடல்தான் காரணம். இதையெல்லாம் கல்மரத்தின் அருகில் நின்று ஒருவர் சொல்லக் கேட்ட பிள்ளை, மறுநாள் பெரம்பலூர் நூலகத்தில் பூமியின் வரலாற்றைப் பற்றிய புத்தகத்தைத் தானே கேட்கும். அவ்விதமே ஜெயங்கொண்டத்தோடு கங்கைகொண்ட சோழபுரத்தைச் சேர்க்கலாம். கோயிலைப் பார்த்துவிட்டு ராஜேந்திர சோழனைப் பற்றிப் படிப்பதா, படித்துவிட்டுப் பார்ப்பதா என்பதில் அபிப்பிராய பேதம் இருக்கலாம். கண்டபின் படிப்பது மனத்தில் தங்குகிறது என்றே தோன்றுகிறது. ஆனால் காட்சியிடமே பிரதானமாகி நூலகம் மறைந்துபோகாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். முதலில் நூலகம், பிறகு உல்லாசம்.

வெயிலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மே முதல் வாரத்திலிருந்து கத்திரி. காலை பத்து மணிக்குள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். மாலை நான்குக்குப் பின் திரும்ப வேண்டும். நடுப்பகல் நூலகத்துக்குள்ளேயே கழியட்டும். தண்ணீரும் மோரும் கையோடு கொண்டுபோவது அவசியம். பத்துப் பிள்ளைக்கு இரண்டு பெரியவர், அவர்களில் ஒருவர் பெண்.

பெண்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். கிராமத்து நூலகம் என்றால் பத்திரிகை படிக்கும் ஆண்கள் உட்காரும் இடம் என்ற எண்ணம் வேரூன்றியிருக்கிறது. சுய உதவிக் குழுக்களில் கணக்கெழுதும் பெண்கள் எத்தனையோ பேர் ஒரு நாளும் அந்தப் படி ஏறியதில்லை. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் போகலாமென்று அரசாங்கம் ஏற்பாடு செய்ததால், பிரயாணச் செலவு என்ற தடை பெருமளவு நீங்கிவிட்டது; மிஞ்சியிருப்பது கூச்சம் ஒன்றே. பத்துப் பேர் சேர்ந்து போனால் கூச்சம் பறந்துவிடும். வாரத்தில் ஒரு பிற்பகலைப் பெண்களுக்கென்று யாத்திரையில் ஒதுக்கிவைத்து, குழந்தைகளையும் உடனழைத்து வரச் சொன்னால் நல்ல கூட்டம் சேரும்.

இதைவிடப் பழைய தடை ஒன்றும் இருக்கிறது. அதை மூடி மறைப்பதில் லாபமில்லை. பல ஊர்களில் நூலகக் கட்டடம் ஊர்த் தெருவில் இருக்கிறது. காலனி அரை மைல் தள்ளியிருக்கிறது. சட்டப்படி கதவு எல்லோருக்கும் திறந்தேயிருக்கிறது. சென்னை மாகாணத்தில் 1938ஆம் வருஷத்திலேயே பொது இடங்களில் தீண்டாமை பாராட்டுவதைத் தடுக்கும் சட்டம் இயற்றப்பட்டது. 1950 முதல் அரசியல் சாசனமே தீண்டாமையை ஒழித்திருக்கிறது. ஆயினும் கட்டடம் இருக்கும் தெருவில் நடமாடப் பழகாத பிள்ளை, ‘என்ன வேலையாக இங்கே வந்தாய்?’ என்று ஒரு முறை கேட்கப்பட்டால் மறுமுறை வருமா? கூட்டுறவுச் சங்கத்தில் எல்லாத் தெருவினரும் பங்குதாரர். ஒவ்வொருவருக்கும் ஒரே வாக்கு. ஊரில் வேறெந்த அமைப்பையும்விட இந்த யாத்திரையை நடத்தச் சங்கமே தகுதியுடையது என்பதற்கு இதுவே முதற்காரணம். யாத்திரை கோயில் வாசலிலிருந்தோ தலைவர் வீட்டு வாசலிலிருந்தோ அல்லாமல், நூலகத்துக்கு மிகத் தூரத்திலுள்ள தெருவிலிருந்து புறப்பட வேண்டும். அங்கிருந்து தொடங்கி, தெருத் தெருவாகப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு, எல்லோரும் ஒன்றாக நூலகத்துள் நுழைந்து, ஒரே பதிவேட்டில் ஒருவர் பின் ஒருவராகக் கையெழுத்திட வேண்டும். இதற்குச் சம்மதியாத நிர்வாகக் குழு யாத்திரையைத் தொடங்காமலிருப்பதே நல்லது.

பணத்துக்கு வழி என்ன? பரோடா சமஸ்தானத்தில் மகாராஜா சாயாஜிராவ் 1910ஆம் வருஷம் முதல் நூலக ஏற்பாட்டைப் பரப்பியபோது, ஊரார் ஒரு பங்கு திரட்டினால்தான் அரசாங்கப் பங்கு கிடைக்கும் என்று வைத்தார். இனாமாக வந்த பொருளை ஊரார் காவாது விடுவர் என்பதை அவர் அறிந்திருந்தார் போலும். நம் சங்கங்களுக்கும் நல்ல வழி உண்டு. 1912ஆம் வருஷத்து இந்தியக் கூட்டுறவுச் சட்டம் 34ஆம் பிரிவு, நிகர லாபத்தில் நாலில் ஒரு பங்கைச் சேம நிதிக்கு ஒதுக்கியபின், மிகுந்ததில் நூற்றுக்குப் பத்துவரை, பதிவாளர் அனுமதியோடு, கல்வி முதலிய தர்ம காரியங்களுக்குச் செலவிடலாமென்று கூறியது. உதாரணமாக, நிகர லாபம் 8,000 ரூபாயாயின் 2,000 சேம நிதிக்கு. மிகுந்த 6,000இல் 600 ரூபாய் இவ்விதம் செலவிடலாம். பொதுநல நிதி என்ற எண்ணம் கூட்டுறவுச் சட்டத்தில் அன்றிலிருந்தே வேரூன்றியது. தமிழ்நாட்டில் இப்போது அமலிலிருப்பது 1988இல் நடைமுறைக்கு வந்த 1983ஆம் வருஷத்துச் சட்டம். அதன்படியும் தத்தம் துணைவிதிப்படியும் எவ்வளவு செலவிடலாம், யாருடைய அனுமதி வேண்டும் என்பதைத் தணிக்கையாளரிடம் எழுத்து மூலம் கேட்டுக்கொண்டு செய்ய வேண்டும். நஷ்டத்தில் நடக்கும் சங்கம் இதற்காக ஒரு பைசாவும் எடுக்கக் கூடாது. அப்படிப்பட்ட சங்கம் யாத்திரைப் புத்தகத்துக்குப் பதில் பிள்ளைகளின் பழைய நோட்டுப் புத்தகங்களில் மிஞ்சிய தாள்களைத் தைத்துக்கொள்ளலாம். முத்திரை அந்தத் தாளிலும் நன்றாகவே விழும்.

எப்படியாயினும் கணக்கு எழுதப்பட வேண்டும். புத்தகம் ஒன்றுக்குப் பத்து ரூபாய் அச்சுக்கூலி என்றால் அறுபது பேருக்கு 600 ரூபாய்; அதற்கு ரசீது. பஸ் செலவு சிறுவர்களுக்கு மட்டும், அதற்குச் சீட்டு. தலைவர் தம் கைப்பணத்தைத் தாராளமாகச் செலவிட்டு, பிறகு ‘நான் செய்தேன்’ என்று சொல்லிக்கொள்ள இடங்கொடுக்கலாகாது. ஒருவர் தயவில் நடக்கும் காரியம் அவருக்கு மனக்கசப்பு வந்த அன்றைக்கே நின்றுவிடும்.

யாத்திரை ஆனி பிறப்பதற்குள் முடிந்துவிட வேண்டும்; பள்ளி திறந்தபின் இழுத்துக்கொண்டு போவதில் பயனில்லை. முடிந்ததும் சங்கக் கட்டடத்தில் ஒரு மாலைக் கூட்டம். விருந்தாளியும் மாலையும் சால்வையும் வேண்டாம். யாத்திரை செய்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து, தம் எதிர்ப் பக்கங்களில் எழுதியதைப் படித்தால் போதும். வெங்காயத்தில் வரும் நோயைப் பற்றி ஒருவர் படித்ததைச் செட்டிகுளத்து விவசாயி கேட்டுக்கொள்வார். ஒரு பெண் அறிந்த சட்டச் செய்தி பத்துப் பெண்களுக்குப் பயன்படும். எந்தெந்த நூலகத்தில் என்ன புத்தகம் கேட்டுக் கிடைக்கவில்லை என்பதையும் அங்கேயே பட்டியலாக எழுதிக்கொண்டு, செயலாளர் கையெழுத்தோடு ஜில்லா நூலக அலுவலருக்கு அனுப்ப வேண்டும். முத்திரை நிறைந்த புத்தகங்களை அவரவர் வீட்டுக்குக் கொடுத்தனுப்புமுன், எத்தனை பேர், எத்தனை நூலகம், எந்தத் தெரு என்ற விவரத்தைச் சங்கத்தின் தீர்மானப் புத்தகத்தில் ஒரு பக்கமாகப் பதிந்துவைத்தால், அடுத்த பங்குனியில் நிர்வாகக் குழு கூடும்போது எங்கே தொடங்குவது என்று தேட வேண்டியிராது.